பக்கவாதமும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனும்: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம். வேலை களியக்காவிளையைத் தாண்டி கேரளத்தில், ஒரு மருத்துவமனையின் சி.டி. அறையில். மார்த்தாண்டம், அருமனை, கொல்லங்கோடு, பாறசாலை என்று எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பக்கவாத நோயாளிகள் வருகிறார்கள். டாக்டர் மலையாளத்தில் விளக்குவார், கையெழுத்துப் போடும் தாள் ஆங்கிலத்தில் இருக்கும், கடைசியில் கூட வந்தவர்கள் தமிழ் பேசும் ஆளைத் தேடிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அப்படி வந்து கேட்டவைதான் கீழே இருக்கும் கேள்விகள். நான் நரம்பியல் மருத்துவர் இல்லை, ஸ்கேன் எடுப்பவன். யாருக்கு என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூளைத் திசுவுக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது மட்டும் என் வேலைக்கு உட்பட்டது.

"சாதாரண சி.டி. எடுத்து ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா கை கால் வரலை. அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேன்?"

முதல் சி.டி.யை எடுப்பதே மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கசிந்த ரத்தம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அது இல்லை என்றால் ரத்தக்குழாய் அடைப்பு என்று முடிவு செய்து மேலே போவார்கள். அடைப்பால் வரும் பாதிப்பு முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி.யில் சரியாகத் தெரியாது. பழகிய கண்ணுக்கு மூளையின் ஒரு பகுதி லேசாக மங்கியிருப்பது படும், பல நேரம் அதுவும் படாது. ஆகவே 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் 'ரத்தக்கசிவு இல்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து எடுப்பது சி.டி. ஆஞ்சியோ. ரத்தக்குழாயைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றி, கழுத்திலிருந்து தலைவரை ரத்தக்குழாய்களைப் பார்ப்பார்கள். எந்தக் குழாய், எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குழாயை நம்பியிருந்த மூளைத் திசுவில் எவ்வளவு போய்விட்டது, எவ்வளவு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது என்பது ஆஞ்சியோவில் நேரடியாகத் தெரியாது. அதைக் கணக்கிட எடுப்பதுதான் பெர்ஃப்யூஷன் ஸ்கேன்.

காப்பாற்றக்கூடிய திசு என்றால் என்ன? அடைத்துவிட்டால் எல்லாம் செத்துப்போகாதா?

ஒரேயடியாகச் சாகாது. நல்ல நிலையில் மூளைக்கு 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது. அது ஏறக்குறைய 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் நரம்புச் செல்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். கை தூக்க முடியாது, பேச்சு வராது, ஆனாலும் அந்த இடம் இறக்கவில்லை. 10 மில்லிக்குக் கீழே போனால் சீக்கிரத்தில் செத்துவிடும். 1970களில் ஆஸ்ட்ரப், சைமன் போன்றவர்கள் பபூன் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்த இரண்டு எல்லைகளும் தெளிவாயின. செத்துவிட்ட நடுப்பகுதிக்குக் 'கோர்' என்றும், சுற்றிலும் வேலைநிறுத்தம் செய்துகொண்டு உயிரோடு இருக்கும் பகுதிக்குப் 'பெனம்ப்ரா' என்றும் பெயர்.

விளவங்கோடு தாலூகாக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் நின்றபோது எல்லா வயலும் ஒரே நாளில் காயவில்லை. கால்வாயை மட்டும் நம்பியிருந்த வயல் முதலில் போனது. பக்கத்துக் குளத்திலிருந்து கசிவு கிடைத்த வயல் வாடி நின்றது, கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. மூளையிலும் அப்படித்தான். பெரிய குழாய் அடைத்தாலும் பக்கத்துக் குழாய்களின் கிளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கவழிகள் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது, இன்னொருவருக்குப் பத்து மணி நேரம் கழிந்தும் நிறைய மிஞ்சியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை. உள்ளே நிலைமை வேறு வேறு.

"பிரஷர் 190 இருந்துச்சு, வீட்டிலேயே ஒரு மாத்திரை கூடுதலாக் குடுத்துட்டுத்தான் கிளம்பினோம். சரிதானே?"

சரியில்லை. முந்தின பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். பக்கவழிகளில் ரத்தம் ஓடுவதற்கு அழுத்தம் வேண்டும். உடம்பு அதற்காகவே பிரஷரை ஏற்றிவைத்திருக்கலாம். மாத்திரை கொடுத்து, அதிலும் நாக்கடியில் வைத்து, சட்டென்று இறக்கினால் வாடி நிற்கும் பகுதிக்குப் போகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுவிடும். பிரஷரை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதை ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும். ரத்தக்கசிவு என்றால் ஒரு கணக்கு, அடைப்பு என்றால் வேறு கணக்கு. இது எதுவென்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பிரினும் அதே காரணத்துக்காக வேண்டாம். வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

ஸ்கேன் அறைக்குள் என்ன செய்கிறீர்கள்? ஏன் கூட ஆளை விடுவதில்லை?

முதலில் முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் ஒன்று போடுவோம். பச்சை நிறத்தில் இருக்கும் 18 அளவு ஊசி கிடைத்தால் நிம்மதி. புறங்கையில் போட்ட சின்ன நீல வென்ஃப்ளானோடு வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மருந்து விநாடிக்கு 4 முதல் 6 மில்லி வேகத்தில் போக வேண்டும். சின்ன ஊசியில் அந்த அழுத்தம் தாங்காது, மருந்து தோலுக்கடியில் போய் கை வீங்கிவிடும். "ஏற்கெனவே ஒரு ஊசி இருக்கே, மறுபடியும் குத்துறீங்களே" என்று கோபப்படுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் சந்தோஷம்.

கம்மல், மூக்குத்தி, ஹேர்பின், பல்செட் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். தலையைப் பட்டை போட்டு நிறுத்துவோம். இஞ்செக்டர் சுமார் 40 மில்லி மருந்தைச் சில விநாடிகளில் தள்ளும், பின்னாலேயே சலைன் போகும். உடம்பெல்லாம் சூடு பரவுவது போல இருக்கும், சிலருக்கு மூத்திரம் போய்விட்டது போல ஒரு உணர்ச்சி வரும். உண்மையில் போயிருக்காது. அந்த நேரத்தில் இயந்திரம் மூளையின் அதே பகுதியை ஏறக்குறைய ஒரு நிமிடம் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். சில இயந்திரங்களில் மேசை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். மருந்து எப்போது வந்து சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரைகோடு கிடைக்கும். அந்த வரைகோடுகளிலிருந்து கணினி ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும்.

இந்த ஒரு நிமிடத்தில் தலை அசைந்தால் எல்லாம் கெட்டுவிடும். பேச்சு புரியாமல் போன நோயாளிக்கு 'அசையாதீங்க' என்று சொல்லியும் பயனில்லை. சில நேரம் அவர்களுக்குப் பழகிய குரலில், அறைக்கு வெளியேயிருந்து மைக் வழியாக மகளைப் பேசச் சொல்வதுண்டு. "அம்மே, அனங்காம கிடங்க" என்று ஒரு குரல் கேட்டால் அடங்கிவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கூட ஆளை உள்ளே விடாததற்குக் கதிர்வீச்சு ஒன்றுதான் காரணம்.

"கம்ப்யூட்டர்ல சிவப்பும் பச்சையுமா காட்டினாங்க. சிவப்பெல்லாம் செத்துப்போன இடமா சாரே?"

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது புகைப்படம் கிடையாது, கணக்கின் விடை. ஒரு மென்பொருளில் சிவப்பு என்றால் ஓட்டம் அதிகம், இன்னொன்றில் சிவப்பு என்றால் தாமதம் அதிகம், வேறொன்றில் சிவப்புதான் கோர். ஒரே நோயாளிக்கே நான்கைந்து வரைபடங்கள் வரும்: ரத்த ஓட்டம், ரத்த அளவு, மருந்து கடந்துபோக எடுத்துக்கொண்ட சராசரி நேரம், டிமேக்ஸ் என்கிற தாமதக் கணக்கு.

பெரும்பாலான இடங்களில் பின்பற்றும் வழக்கம் இதுதான். ரத்த ஓட்டம் நல்ல பக்கத்தில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்தைக் கோர் என்று கணக்கில் எடுக்கிறார்கள். டிமேக்ஸ் 6 விநாடிக்கு மேல் தாமதமாகியிருந்தால் அந்த இடம் முழுவதும் ஆபத்தில் இருக்கும் பகுதி. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் காப்பாற்ற வாய்ப்புள்ள பகுதி. டாக்டர்கள் தங்களுக்குள் 'மிஸ்மேட்ச் இருக்கு' என்று பேசிக்கொண்டால் அது உங்களுக்கு நல்ல செய்தி. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ காதில் விழும் அந்தச் சொல்லுக்குப் பயப்பட்டவர்கள் நிறைய. ரத்தப் பொருத்தம் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

"ராத்திரி நல்லாத்தான் படுத்தார். 3 மணிக்கு பால்வெட்டுக்கு எழுப்பப் போனா வாய் கோணிக் கிடக்குது. எப்ப வந்ததுன்னே தெரியாதே, நேரம் தாண்டியிருக்குமே?"

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளில் இந்தக் கதை அடிக்கடி உண்டு. பெர்ஃப்யூஷன் ஸ்கேன் அதிகம் உதவுவது இவர்களுக்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கவாதத்தில் கடிகாரத்தைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஓடவிட மாட்டார்கள். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்துதான் ஓடும். ராத்திரி 9 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார், 3 மணிக்குப் பார்த்தீர்கள் என்றால் 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வார்கள். நடுவில் 1 மணிக்கு எழுந்து மூத்திரம் போனதை மனைவி பார்த்திருந்தால் அதுவே 2 மணி நேரமாகிவிடும். இந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றிவிடும். ஆகவே வண்டியில் வரும்போதே வீட்டில் எல்லாரிடமும் போனில் கேட்டுவையுங்கள்.

குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முன்பெல்லாம் கடிகாரம் ஒன்றுதான் அளவுகோல். 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 3 மணி நேரம் என்றது, 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. அதற்குள் வராதவர்களுக்குச் செய்ய அதிகம் இல்லை. தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் த்ராம்பெக்டமி வந்தபோதும் 6 மணி நேரம் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

2018-ஐ ஒட்டி வந்த 2 ஆய்வுகள் அந்தக் கோட்டை அழித்தன. டான் என்ற ஆய்வில் 6 முதல் 24 மணி நேரம் கழித்து வந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். கோர் சின்னதாகவும் பாதிப்பு பெரிதாகவும் இருந்தவர்களை ஸ்கேன் மூலம் தேர்ந்தெடுத்துக் கட்டியை எடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது கட்டியை எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 13 சதவீதம்தான். டிஃப்யூஸ் 3 என்ற ஆய்வு 6 முதல் 16 மணி நேரம் வரை பார்த்தது: 45 சதவீதம், 17 சதவீதம். அதில் சேர்க்க கோர் 70 மில்லிக்குக் கீழே இருக்க வேண்டும், ஆபத்துப் பகுதி அதைப்போல 1.8 மடங்காவது இருக்க வேண்டும், வித்தியாசம் 15 மில்லியாவது இருக்க வேண்டும் என்று விதி. உங்கள் ரிப்போர்ட்டில் காணும் மில்லி கணக்குகள் இங்கிருந்து வந்தவைதான்.

பெரிய குழாய் அடைப்பு இருந்தும் த்ராம்பெக்டமி வசதியுள்ள இடத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் இப்போது ஒரு வழி தெரிகிறது. 2024-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், நாலரை முதல் 24 மணி நேரத்துக்குள் வந்து, பெர்ஃப்யூஷனில் மிஸ்மேட்ச் தெரிந்தவர்களுக்கு டெனெக்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசி மட்டும் போட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தேறியவர்கள் 33 சதவீதம், ஊசி போடாதவர்களில் 24 சதவீதம். மூளையில் ரத்தக்கசிவும் கொஞ்சம் கூடியது: சுமார் 3 சதவீதம், ஊசி போடாதவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. லாபம் பெரிதில்லை, ஆனால் ஒன்றுமில்லாமலும் இல்லை. உங்கள் டாக்டர் இதைச் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். கேட்பதில் தவறில்லை.

அப்படியானால் 24 மணி நேரம் இருக்கிறது, விடியட்டும் என்று இருக்கலாமா?

கூடாது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் போகின்றன என்று 2006-இல் சேவர் என்ற அமெரிக்க நரம்பியலாளர் கணக்கிட்டார். பிந்தி வந்தும் தேறியவர்கள் நல்ல பக்கவழிகளோடு பிறந்த அதிர்ஷ்டசாலிகள். உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்பது படுக்கையில் போட்டுப் பார்த்தால் தெரியாது.

சீக்கிரமே வந்துவிட்டோம். எங்களுக்கும் பெர்ஃப்யூஷன் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்குச் சாதாரண சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கவில்லை என்றால் ஊசி போட அதுவே போதும். 6 மணி நேரத்துக்குள் பெரிய அடைப்பு தெரிந்தால் சாதாரண சி.டி.யையும் ஆஞ்சியோவையும் வைத்தே கட்டியை எடுக்கப் போகலாம். என் கருத்தைக் கேட்டால், வண்ணப் படம் வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது இந்த ஸ்கேனைப் பிழையாகப் பயன்படுத்துவது. நன்றாக நடக்கும் இடங்களில் ஊசியை ஸ்கேன் மேசையிலேயே போட்டுவிடுகிறார்கள். மற்றதெல்லாம் பின்னால் நடக்கும்.

இந்த ஸ்கேன் தவறு செய்யுமா?

செய்யும், தாராளமாகச் செய்யும். எந்த இடத்தில் சறுக்கும் என்பது தெரிந்திருப்பதால்தான் டாக்டர் மென்பொருள் தரும் எண்ணை மட்டும் பார்க்காமல் நோயாளியையும் மறுபடி போய்ப் பார்க்கிறார்.

பக்கவாதம் வந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்தால் சில நேரம் கோர் என்று காட்டும் இடம் உண்மையில் இன்னும் செத்திருக்காது. அடைப்பு திறந்த பிறகு பார்த்தால் அந்த இடம் நன்றாக இருக்கும். ஓட்டம் மிகக் குறைவாக இருக்கிறது என்பதைத்தான் இயந்திரம் அளந்தது, செத்துவிட்டது என்பதை நாம்தான் ஊகித்தோம். ஆகவே சீக்கிரமாக வந்தவரின் பெரிய கோரை நம்பிக் கைவிடுவது ஆபத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆழத்தில் இருக்கும் மெல்லிய குழாய் அடைத்து வரும் சின்ன பக்கவாதம் பெர்ஃப்யூஷனில் தெரியாமலே போகலாம். மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் கபால எலும்பு படத்தைக் கெடுத்துவிடும். அதனால் 'பெர்ஃப்யூஷன் நார்மல்' என்ற ஒரே காரணத்தால் பக்கவாதமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கழுத்துக் குழாயில் பல வருடமாகச் சுருக்கம் இருப்பவருக்கு ஒரு பக்கம் முழுவதும் மருந்து தாமதமாகவே வரும். அது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை, ஆனால் வரைபடத்தில் பெரிய ஆபத்துப் பகுதி போல நிற்கும். இதயம் பலவீனமாக இருந்தாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ மருந்து மெதுவாக வந்து, நாங்கள் படமெடுத்து முடித்த பிறகும் வெளியேறிக்கொண்டிருக்கும். வரைகோட்டின் வால் அறுந்துபோய் கணக்கு பிசகும். வலிப்பு வந்து ஓய்ந்தவருக்கும் ஒரு பக்கம் ஓட்டம் கூடியோ குறைந்தோ காட்டும்.

எல்லாவற்றையும்விட சாதாரணமான காரணம் தலை அசைவுதான்.

"கோர் ரொம்பப் பெரிசா இருக்காம். இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லையா?"

சில வருடங்களுக்கு முன்பு இதற்குப் பதில் கிட்டத்தட்ட 'இல்லை' என்பதுதான். இப்போது மாறியிருக்கிறது. 2022-இல் ஜப்பானிலும், 2023-இல் சீனாவிலும், அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளிலும் பெரிய கோர் உள்ளவர்களுக்கே கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2023-இன் ஆய்வுகளில் ஒன்றில், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் 20 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம். அதாவது செய்தாலும் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த நிலை கிடைக்கவில்லை. டாக்டர் இதைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கும்போது குடும்பம் திணறுவது இயல்பு. வயது, முன்பு எப்படி நடமாடினார், எவ்வளவு நேரமாயிற்று, கோர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற நான்கையும் பற்றி அவரிடம் கேளுங்கள். 70 மில்லி என்ற எண் அந்த 2018 ஆய்வுக்குப் போட்ட வேலி. எல்லாருக்கும் அதுவே கடைசி எல்லை இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியாதா?

தெரியும். செத்துக்கொண்டிருக்கும் திசுவை எம்.ஆர்.ஐ. சி.டி.யைவிடத் துல்லியமாகக் காட்டும், சின்ன அடைப்பும் பெரும்பாலும் தப்பாது. தூங்கி எழுந்தபோது பக்கவாதம் வந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடலாம் என்று 2018-இல் ஒரு ஐரோப்பிய ஆய்வு நிரூபித்தது. ஆனால் நேரம் கூட ஆகும், ராத்திரி 2 மணிக்கு எல்லா இடத்திலும் ஆள் இருக்காது, பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று தெரியாத நோயாளியை உள்ளே விட முடியாது. சி.டி. எப்போதும் தயாராக நிற்கும்.

"கிட்னி கொஞ்சம் வீக். சுகர் மாத்திரையும் போடறார். மீன் சாப்பிட்டா தடிக்கும். இந்த மருந்து ஏத்தலாமா?"

மூன்றையும் சொல்லிவிடுங்கள், ஆனால் மூன்றும் தடை இல்லை. கிட்னி நோய் இருப்பதாகத் தெரியாதவருக்கு கிரியேட்டினின் என்ற கிட்னி டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. டயாலிசிஸ் போகிறவர், கிட்னி மிகவும் மோசமானவர் என்றால் லாபத்தையும் நஷ்டத்தையும் டாக்டர் எடைபோடுவார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் ஸ்கேன் எடுக்கலாம். கிட்னி மோசமாக இருந்தால் அதற்குப் பிறகு 2 நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

மீன் விஷயம் கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்பது. மீனிலும் அயோடின், மருந்திலும் அயோடின், ஆகவே ஒத்துக்காது என்று யாரோ கிளப்பிவிட்டது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதது அதிலுள்ள புரதம், அயோடின் இல்லை. முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்து ஏற்றி மூச்சுத் திணறியதா, உடம்பு தடித்ததா என்பதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல்.

கதிர்வீச்சு அதிகமாமே? முடி கொட்டும் என்கிறார்களே?

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் சாதாரணத் தலை சி.டி.யைவிடக் கூடுதல்தான். அதனாலேயே குறைந்த மின்னழுத்தத்தில் எடுப்போம். முடி கொட்டிய கதை நிஜம். 2008-09-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் மருத்துவமனை ஒன்றில் இயந்திரத்தின் அமைப்பைத் தவறாக மாற்றியதால் 206 பேருக்குப் பெர்ஃப்யூஷன் ஸ்கேனில் வழக்கத்தைவிட எட்டு மடங்கு கதிர்வீச்சு போய்விட்டது. 18 மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நோயாளி முடி கொட்டுகிறது என்று வந்த பிறகுதான் வெளியே வந்தது. அதற்கப்புறம் ஸ்கேனுக்கு முன்பே அளவைத் திரையில் காட்டி எச்சரிக்கும் ஏற்பாடு இயந்திரங்களில் பரவலாக வந்தது. ஒழுங்காக எடுத்த ஒரு ஸ்கேனில் முடி கொட்டாது. பக்கவாதம் வந்திருக்கும் 60 வயதுக்காரருக்கு இதைப் பற்றிக் கவலைப்பட நேரமும் இல்லை.

"நாகர்கோவிலுக்குப் போகவா, திருவனந்தபுரத்துக்குப் போகவா?"

மிகவும் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எனக்குப் பதில் சொல்லத் தயக்கமான கேள்வியும் இதுதான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, களியக்காவிளையிலிருந்து சுமார் 30. தூரம் பெரிதில்லை. ஆனால் நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் சாயங்கால நேரத்தில் வண்டி நகராது. அந்தப் பக்கம் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இந்தப் பக்கம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜும் அதே வளாகத்தில் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகள் இரண்டு பக்கமும் உண்டு.

பேரைப் பார்த்துப் போகாமல், கிளம்பும்போதே போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இப்போது, இந்த நேரத்தில், சி.டி. ஓடுகிறதா? கட்டி கரைக்கும் ஊசி போடுவார்களா? பெரிய குழாய் அடைத்திருந்தால் த்ராம்பெக்டமி செய்யும் டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா? முதல் இரண்டும் பக்கத்திலேயே இருந்தால், நாலரை மணி நேரத்துக்குள் இருக்கும் நோயாளியை அங்கே காட்டி ஊசி போட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் பெரிய இடத்துக்கு மாற்றலாம். பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓடி வந்து, அதற்குள் ஊசிக்கான நேரத்தைத் தொலைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நேரம் தாண்டிவிட்டது, அல்லது எப்போது வந்ததென்றே தெரியாது என்றால் பெர்ஃப்யூஷனும் த்ராம்பெக்டமியும் ஒரே இடத்தில் கிடைக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போவது நல்லது. பெர்ஃப்யூஷன் மட்டும் இருந்து கட்டியை எடுக்க ஆள் இல்லாத இடத்தில் அழகான படம்தான் கையில் மிஞ்சும்.

எல்லையோரத்தில் போன் சில நேரம் பக்கத்து மாநில டவரைப் பிடித்துக்கொள்ளும். 108-ஐக் கூப்பிட்டு மலையாளம் கேட்டால் வைத்துவிடாதீர்கள், ஊர்ப் பேரையும் மாவட்டத்தையும் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேரளத்தில் எல்லா இடத்திலும் செல்லாது, கேரளத்துக் காருண்யா காப்பீட்டு அட்டையும் தமிழ்நாட்டில் அப்படியே. அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று ஒருவர் விசாரிக்கட்டும், நோயாளியோடு இன்னொருவர் போகட்டும்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேனை அடுத்த இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா?

படங்களைப் பதிந்த வட்டையோ (டிஸ்க்) முழுப் படத்தொகுதியையோ கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஃபிலிமைப் போனில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவது முன்தகவலுக்கு உதவும், அதை வைத்துப் பெர்ஃப்யூஷன் கணக்குப் போட முடியாது. வட்டு எழுத நேரமாகும் என்றால் காத்திருக்க வேண்டாம். எடுத்து 2 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, வழியில் நிலைமை மாறியிருந்தாலோ மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அது பணம் பிடுங்கும் வேலை என்று சண்டை போடாதீர்கள். முதல் படத்தில் உயிரோடு இருந்த பகுதி இரண்டாவதில் போயிருக்கலாம், ஊசி போட்ட பிறகு ரத்தக்கசிவும் வந்திருக்கலாம். முந்தைய இடத்தில் எத்தனை மணிக்கு என்ன ஊசி, எத்தனை மில்லிகிராம் போட்டார்கள் என்று எழுதிய தாள் மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

"முதல்ல ஆசான்கிட்ட காட்டி எண்ணெய் போட்டோம். அதுக்குப் பிறகுதான் வந்தோம். அதனால ஸ்கேன்ல ஏதாவது கோளாறு வருமா?"

எங்கள் மாவட்டத்தில் வர்ம ஆசான் இல்லாத ஊர் இல்லை. பக்கவாதம் ஓய்ந்த பிறகு தடவலும் பயிற்சியும் வேண்டும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. முதல் நாள் அது வேண்டாம், அவ்வளவுதான். விவரம் தெரிந்த ஆசான்களே இப்போது "முதல்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

தலையில் எண்ணெய் இருந்தால் ஸ்கேனுக்கு ஒன்றும் ஆகாது. வாசலில் நின்று துடைத்துக்கொண்டிருக்காமல் அப்படியே உள்ளே கொண்டுவாருங்கள். கையில் தடவியிருந்தால் மட்டும் வென்ஃப்ளான் பிளாஸ்டர் ஒட்டாது, அதை நாங்களே ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள்வோம்.